பலகையில் ஒரு பெயருக்குத்தான் இடம்

பேட்டரி இறங்கிப்போன காரின் பக்கத்தில் நிற்கிற எந்த மனிதரும் முதலில் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "காலையில நல்லாத்தானே ஓடிச்சு." இருபது வருஷமாக இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கேபிளை மாட்டி வண்டியைக் கிளப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பெயர் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் பேட்டரிக் கடை.

கடையைவிட எனக்குப் பெருமை வண்ணார்பேட்டை கார் ஸ்டாண்டில் இருந்த ஒரு தகரப் பலகை. "பேட்டரி இறங்கினால் அழைக்கவும்: சுடலைமுத்து" என்று எழுதி, கீழே என் நம்பர். பதினோரு வருஷமாக அதில் என் பெயர்தான். இரண்டு பெயர் எழுதினால் டிரைவர்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டுவிடுவார்கள், இரண்டு பேரும் வந்து நின்று சண்டை போடுவார்கள் என்பது ஸ்டாண்டு தலைவர் பரமசிவம் அண்ணாச்சியின் கணக்கு. அதனால் ஒரு பெயருக்குத்தான் இடம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். இந்த வருஷம் பெயிண்டோடு பெயரும் மாறப் போகிறது என்று சித்திரை மாதமே காதில் விழுந்தது. புதுப் பெயர் செல்வின்.

செல்வினும் நானும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பிறகு அவன் கோயம்புத்தூர் போனான். போனவன் அங்கேயே இருந்திருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பி வந்து எனக்கு நாலு தெரு தள்ளிக் கடை போட்டான். நீங்களும் ஏதோ ஒரு தொழிலில் இருந்து, நாலு தெரு தள்ளி இருப்பவன் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிந்து, அதை வெளியில் சொல்ல முடியாமல் மோர் குடித்துப் படுத்தவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

டீச்சர் கேட்ட கேள்வி

பரீட்சை லீவு முடிந்து ஒரு டீச்சரம்மா போன் செய்தார். மூன்று வாரம் எடுக்காமல் போட்டிருந்த கார். கதவு திறந்தது, உள்ளே விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது, அதோடு சரி. நான் என் வேனை எடுத்துக்கொண்டு போய், காரின் மூக்கோடு மூக்காக, ஆனால் ஒன்றையொன்று தொடாதபடி நிறுத்தினேன். பேட்டரி வீங்கியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, ஒழுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அப்படி இருந்தால் எந்தக் கேபிளும் போடக் கூடாது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். இது நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் நிதானமாக வேலையை ஆரம்பித்தேன். சிவப்பு கிளிப் முதலில் இறங்கின பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை என் வேன் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு என் வேன் மைனஸ்ஸில். கடைசிக் கறுப்பை மட்டும் இறங்கின பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பாகப் பார்த்து மாட்ட வேண்டும். பேட்டரி மேலே வாயு நிற்கும், அதன் பக்கத்தில் பொறி பறந்தால் மூஞ்சியில் வெடிக்கும். போதாததற்கு இப்போது வருகிற வண்டிகளில் மைனஸ் தலையிலேயே ஒரு சென்சாரை வைத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் டீச்சருக்கு விளக்கிச் சொன்னேன். வேனை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு அவர் காரைக் கிளப்பச் சொன்னேன். கிளம்பியது. ஏசியின் காற்று ஊதியைப் போடச் சொல்லிவிட்டு, மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றினேன். ஊதி ஓடினால்தான் கழற்றும்போது ஏறுகிற கரண்டு கம்ப்யூட்டரைத் தாக்காது.

ஒரு பாடமே நடத்திய திருப்தியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். செல்வினிடம் டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது, லித்தியம் பேட்டரி. மாட்டும் வரிசை அதேதான், இன்னொரு வண்டி மட்டும் தேவையில்லை. பைக்கில் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். எனக்கு அப்போது அதுவும் சரியாகத் தெரியாது. டீச்சர் என் வேனையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செல்வின் தம்பி வந்தா ஒரு சின்னப் பெட்டியத்தான் கொண்டு வருவாப்ல. நீங்க என்னத்துக்கு ஒரு வண்டியவே கொண்டு வந்திருக்கிய?"

அம்பாசமுத்திரத்தில் நான் காப்பாற்றிய கார்

அறுப்பு சமயம். அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம்தான் எல்லா வண்டிக்கும் பேட்டரி வாங்குவார். புதுக் கார் களத்தில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளிவிட்டுக் கிளப்ப முடியாது. நான் போய்ச் சேரும்போது காருக்கு முன்னால் ஒரு நெல் லாரி. லாரி டிரைவர் கையில் கேபிள். எனக்கு உயிரே போய்விட்டது.

காரில் இருப்பது பன்னிரண்டு வோல்ட். லாரியில் இருபத்து நாலு. அந்தக் கேபிளை மாட்டியிருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் முதல் கண்ணாடி ஏற்றும் மோட்டார் வரை எதெது பொசுங்கும் என்று சொல்ல முடியாது. வேனை நிறுத்தக்கூட இல்லை, ஜன்னல் வழியாகவே கத்திக்கொண்டு போனேன். லாரி டிரைவர் கேபிளைக் கீழே போட்டார். களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று வோல்ட் கணக்கைச் சொல்லி முடித்தேன். ஒரு காரைக் காப்பாற்றிவிட்டேன், இந்தக் கதை எப்படியும் ஸ்டாண்டு தலைவர் காதுக்குப் போகும், பலகை தப்பித்தது என்று மனசுக்குள் ஓடியது.

மில் அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். முதலில் செல்வினுக்குத்தான் போன் போட்டாராம். அவன் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டதால் எனக்குப் போட்டாராம். லாரி டிரைவர் கேபிளை மாட்ட வரவில்லை, சுருட்டி உள்ளே வைக்கப் போனாராம். "நீரு சொன்னது அம்புட்டும் சரிதான் வே," என்றார். "செல்வினும் போன்ல இதையேதான் சொன்னான்."

என் வீட்டு வாசலில்

இதை நீளமாகச் சொல்ல மனசு இல்லை. மச்சினன் காரில் வந்திருந்தான். சாவியைக் காருக்குள்ளேயே வைத்து, ராத்திரி முழுக்கப் பாட்டுப் பெட்டிக்குக் கரண்டு ஓடி, காலையில் பேட்டரி காலி. நான் திருச்செந்தூர் வழியில் ஒரு வண்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரிக்காரன் வீட்டில், பேட்டரிக்காரன் பெண்டாட்டி, வேறொரு பேட்டரிக்காரனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். நான் வர நேரமாகும் என்றுதானாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சாப்பிட்டுப் போன்னேன், அண்ணாச்சி இல்லாத நேரம் வேண்டாம்னுட்டான். நல்ல வளர்ப்பு," என்றாள்.

மேலப்பாளையத்தில் காணாமல் போன பேட்டரி

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு பாய், பெரிய கார் ஒன்றை அண்ணனிடமிருந்து வாங்கியிருந்தார். பத்து நாள் நின்றதில் செத்துவிட்டது. சாவியை அமுக்கினால் கதவுகூடத் திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவி, கைப்பிடி ஓரத்தில் இருந்த ஓட்டையில் விட்டுத் திறந்தேன். அவருக்கு அதுவே பெரிய ஆச்சரியம். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பானட்டைத் தூக்கினால் உள்ளே பேட்டரி இல்லை.

இருபது வருஷத் தொழிலில் பேட்டரியையே காணோம் என்று சொல்ல முடியுமா? குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தேன். டிக்கியில்தான் இருக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. டிக்கி கரண்டில்தான் திறக்கும், கரண்டு பேட்டரியில், பேட்டரி டிக்கியில். சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மதில் பக்கம் போய், ஊரில் இதைத் தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் போட்டேன். ஆமாம், அவனுக்குத்தான். என் நாக்கு எவ்வளவு கசந்தது என்று எனக்குத்தான் தெரியும். எதற்கு, யார் வண்டி, ஏன் உங்களுக்குத் தெரியாது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பானட்டுக்குள் ஓரமாக ஒரு சிவப்பு மூடி இருக்கும், திறந்தால் பிளஸ் முனை இருக்கும், பக்கத்திலேயே எர்த்துக்கு ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருக்கும், அந்த இரண்டிலும் மாட்டினால் போதும் என்றான். நக்கலாகச் சிரித்திருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது வேலையை முடித்திருப்பேன். அதுவும் செய்யவில்லை.

திரும்பி வந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரி சிவப்பு மூடியைத் திறந்தேன். கார் உறுமிக் கிளம்பியது. பாய் சந்தோஷமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாஷா அல்லாஹ், வேலை சுத்தம் அண்ணாச்சி. அந்த செல்வின் நம்பரையும் குடுத்துட்டுப் போங்க. நீங்க போன்ல பேசுனது இங்கன வரைக்கும் கேட்டுச்சு."

பொட்டு

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டக்காரர். போன வருஷ ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு மூடி இருக்கும். மொட்டையாகத் தெரிவது மைனஸ். பொட்டு வைக்கிறவர் கைக்கு எது அகப்படும்? மைனஸ்தான். அதனால் பூஜை முடிந்தால் ஊரில் பாதி வண்டியில் மைனஸ் தலை செக்கச்செவேல் என்று இருக்கும். கொஞ்ச நாள் கழித்து அவர் வண்டி நின்றுபோக, எங்களை யாரையும் கூப்பிடாமல் மைத்துனர் காரிலிருந்து தானே கேபிள் போட்டிருக்கிறார். சிவப்பு கிளிப்பைச் சிவப்பில் மாட்டினார். கறுப்பை மிச்சமிருந்ததில் மாட்டினார். படாரென்று பொறி பறந்து, பெரிய ஃபியூஸ் எரிந்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இந்தக் கதையை ஒரு வருஷமாக நான் சொல்லாத டீக்கடை கிடையாது. பிளஸ் மைனஸ் குறியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து மாட்டுகிறவனெல்லாம் கேபிளைத் தொடலாமா என்று முடிப்பேன்.

செல்வின் எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் ஓர் ஈரத்துணியால் பேட்டரித் தலையைத் துடைப்பான். குறி தெரிந்த பிறகுதான் கிளிப்பைத் தொடுவான். அது நல்ல பழக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது பரமசிவம் அண்ணாச்சியிடம் போய், அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கிறான், உங்கள் பலகையில் அவன் பெயரா என்று கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறாமை முற்றினால் மனுஷன் என்னென்ன பேசுவான் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. அண்ணாச்சி வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "பொட்டு அழிஞ்சா நான் திரும்ப வச்சிக்கிடுவேன் வே. வண்டி எரிஞ்சா நீரா வந்து வைப்பீரு?"

பூஜை அன்றைக்கு

ஸ்டாண்டில் முப்பது காரும் கழுவி, மாலை போட்டு, பானட்டைத் திறந்து வரிசையாக நின்றன. நான் விடிந்ததுமே போய், யாரும் கேட்காமலே குங்குமக் கிண்ணத்தை வாங்கி ஒவ்வொரு பேட்டரிக்கும் பொட்டு வைத்தேன். பலகையைக் கழற்றி, பெயிண்டர் ஆறுமுகம் வெள்ளை அடித்துக் காய வைத்திருந்தான். அதில் யார் பெயரும் இல்லை. சாயங்காலம் எழுத வேண்டும். செல்வினும் வந்து, ஓர் ஓரமாக நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தான்.

தலைவரின் புதுக் காரில்தான் காலையிலிருந்து சாமி பாட்டு ஓடியது. நாலு கதவும் திறந்து, எல்லா விளக்கும் எரிந்து, எஞ்சின் மட்டும் அணைந்து கிடந்தது. மதியம் அவர் திருச்செந்தூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குடும்பம் தேங்காய் பழத்தோடு வந்து நின்றபோது கார் கிளம்பவில்லை. முப்பது டிரைவர்களுக்கு முன்னால் அண்ணாச்சி எங்கள் இருவரையும் பார்த்து, யாராவது ஒருத்தர் பாருங்க வே என்றார். செல்வின் கையைத் துடைப்பதற்குள் நான் பக்கத்துக் காரை ஒட்டி நிறுத்தச் சொல்லிக் கேபிளை உருவிவிட்டேன்.

கை பேட்டரியில் இருந்தது, கண் செல்வின் மேல் இருந்தது. அவன் பார்க்கிறானா, மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டு, சிவப்பு கிளிப்பைச் சிவப்பாகத் தெரிந்த தலையில் கடிக்கவிட்டேன். மறுமுனை அடுத்த கார் பிளஸ்ஸில். கறுப்பு அதன் மைனஸ்ஸில். கடைசிக் கறுப்பை எடுத்துக்கொண்டு எஞ்சின் இரும்பை நோக்கிக் குனிந்தேன். இன்னும் ஒரு சாண். தொட்டிருந்தால் மைனஸ்ஸும் இரும்பும் ஒன்றுதான், அடுத்த காரின் முழுக் கரண்டும் கேபிளில் பாய்ந்து என் கையிலேயே உருகியிருக்கும்.

"அண்ணாச்சி, பைய," என்று பக்கத்தில் குரல். செல்வின் ஈரத்துணியோடு நின்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, குங்குமம் ஈரமாக இருக்கிறது, கிளிப் வழுக்கும், துடைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே சிவப்பு கிளிப்பை எடுத்தான். துடைத்தான். குங்குமத்துக்கு அடியில் மைனஸ் குறி இருந்தது. காலையில் அந்தப் பொட்டை வைத்தது என் விரல். அவன் பிளஸ் மூடியைத் திறந்துவிட்டு, கிளிப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொரிகடலைக்குப் போய்விட்டான். யாருக்கும் எதுவும் புரியவில்லை. கார் கிளம்பியது. டிரைவர்கள் கை தட்டினார்கள். தலைவர் அந்த இடத்திலேயே பெயிண்டரைக் கூப்பிட்டு, "சுடலை பேரையே எழுதுலே," என்றார்.

என்னதான் இருந்தாலும் கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான், அந்த நிமிஷத்திலும், நினைத்தேன். தலைவர் கார் திருச்செந்தூர் போன பிறகு ஆறுமுகம் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'சு' போட்டான், 'ட' போட்டான். நல்லவேளை உன் தலைவர் இப்போதுதான் முடிவு செய்தார், இல்லையென்றால் வேறு பெயரை எழுதியிருப்பாய் என்று பேச்சுக்குச் சொன்னேன். அவன் தூரிகையை எடுக்காமலே சொன்னான்: "இப்ப எங்க அண்ணாச்சி முடிவு பண்ணுனாவ? நேத்தே செல்வின் அண்ணன் வந்து தலைவர்ட்ட பழைய பேரையே எழுதச் சொல்லிட்டுப் போயிட்டாவளே. 'எனக்குப் போன்லயே ஆளு வந்துருது, சுடலை அண்ணாச்சிக்கு இந்தப் பலகைதான இருக்கு'ன்னாவ."

பதினோரு வருஷம் அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் என் பெயரைப் படித்துச் சந்தோஷப்பட்டவன் நான். இப்போதும் அதில் என் பெயர்தான் இருக்கிறது, ஆனால் படித்தால் செல்வின் என்றுதான் வருகிறது.